வகுப்பறைக்கு மாதிரி உருக் கொண்டுவரும் புதியவர்களுக்கு

பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களில் ஒருவராவது முதல் வாரத்திலேயே இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்த பெரிய அட்டைப்பெட்டியோடு பள்ளி வாசலில் வந்து நிற்பார். பெட்டிக்குள் வண்ணம் பூசிய பொலிஸ்திரின் உருண்டைகளால் ஆன சூரியக் குடும்பமோ, பளபளக்கும் இருதயமோ இருக்கும். அதற்காக அவர் இரண்டு இரவுகள் கண்விழித்திருப்பார். அவருடைய உழைப்பை நான் ஒருபோதும் குறைத்துப் பேசுவதில்லை. ஆனால், "இதை வைத்துக்கொண்டு மாணவர்களிடம் எதைக் கேட்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வருவதில்லை. அந்த உரு பீடிகையின்போது ஐந்து நிமிடம் தூக்கிக் காட்டப்படும். பிறகு அலமாரியின் மேல் ஏறிவிடும். ஆண்டு முடியும்வரை அங்கேயே தூசி படிந்து கிடக்கும்.

பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பித்தும், பின்னர் தாதியர் பயிற்சி மாணவிகளுக்கு உடற்கூற்றியல் பாடத்தில் துணைநின்றும் நான் கண்டவற்றைக் கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பயிற்றுத் துணைப்பொருளாக மாதிரி உருவை முதன்முறையாகக் கையாளப் போகிறவர்களுக்கு இது உரியது.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் நாள் பாடத்திட்டத்தில் இரண்டு வரிகளை எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரி, இந்த உருவைப் பார்த்து, தொட்டு, அசைத்து மாணவர் விடை காண வேண்டிய ஒரே ஒரு கேள்வி. இரண்டாம் வரி, இந்த உரு உண்மையிலிருந்து எந்த இடத்தில் விலகுகிறது என்பது. முதல் வரியை எழுத முடியாவிட்டால் உரு தேவையில்லை. ஒரு படமே போதும். இரண்டாம் வரியை எழுத முடியாவிட்டால் பாடப்பொருளை இன்னும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

சூரியக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். உருண்டைகளின் அளவையும் அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தையும் ஒரே அளவுகோலில் காட்டும் உருவை எந்த வகுப்பறையிலும் தொங்கவிட முடியாது. எனவே, தொங்கவிடும் உரு கோள்களின் வரிசை தவிர வேறு எதையும் உண்மையாகச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக, "நிலவு பூமிக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது?" என்ற கேள்வியை வைத்துக்கொண்டால், பள்ளி விளையாட்டு அறையில் இருக்கும் ஒரு கூடைப்பந்தும் ஒரு டென்னிஸ் பந்தும் போதும். பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர், நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். கூடைப்பந்தைப் பூமி என்று கொண்டால், டென்னிஸ் பந்து ஏறக்குறைய நிலவின் அளவுக்கே பொருந்திவிடும். டென்னிஸ் பந்தை ஒரு மாணவரிடம் கொடுத்து, நிலவு இருக்கும் இடத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாரும் ஒரு முழம், இரண்டு முழம் தள்ளி நிற்பார்கள். பாடநூல் படங்கள் அவர்களுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. பூமியிலிருந்து நிலவு சராசரியாக 384,400 கிலோமீட்டர், அதாவது முப்பது பூமிகளை வரிசையாக வைத்த தூரம். அளவுநாடாவைப் பிடித்து 7 மீட்டருக்குச் சற்று அதிகமாக அளந்தால், நிலவைப் பிடித்திருக்கும் பையன் வகுப்பின் கடைசிச் சுவரை ஒட்டிப் போய் நிற்பான். அப்போது எழும் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தால் கவலைப்படாதீர்கள்.

சூரியன் எங்கே என்று அடுத்த கேள்வி தானாக வரும். அதே கணக்கில் சூரியன் 26 மீட்டர் விட்டமுள்ள உருண்டை, அதாவது எட்டு மாடிக் கட்டட உயரம்; அது இருக்கும் தூரம் 2.8 கிலோமீட்டர். கூடைப்பந்தை ஜோர்ஜ் டவுன் ஃபெரித் துறையில் வைத்தால் சூரியன் ஏறக்குறைய பட்டர்வொர்த் கரையில் நிற்கும். ஃபெரியில் போய்வந்த பிள்ளைகளுக்கு அந்தத் தூரத்தை வேறு எப்படியும் விளக்க வேண்டியதில்லை.

செய்வதா, வாங்குவதா

மாணவர் பிரித்துப் பார்க்க வேண்டிய உருவையும், அசைத்துப் பார்க்க வேண்டிய உருவையும் செய்துகொள்ளலாம். நுணுக்கமான வடிவம் தேவைப்படுகிற எலும்புக்கூடு, மண்டையோடு, காதின் உட்பகுதி போன்றவற்றை வாங்குவதே நல்லது; களிமண்ணில் பிசைந்த காது எலும்பு யாருக்கும் எதையும் கற்பிக்காது. பள்ளி நிதியில் வாங்குவதாயிருந்தால், உள்ளுறுப்புகளைக் கழற்றி மாட்டக்கூடிய உருவாகப் பாருங்கள். காந்தத்தால் ஒட்டும் பாகங்களைவிட முளையும் துளையுமாகப் பொருந்தும் பாகங்கள் நெடுநாள் உழைக்கும் என்பது என் அனுபவம். தவறான துளையில் தவறான உறுப்பை மாட்ட முடியாமல் போவதும் ஒரு பாடமே.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை கொம்தாரில் உள்ள டெக் டோம் அறிவியல் மையத்துக்கோ, கோலாலம்பூர் சென்றால் பெட்ரோசைன்ஸ் அறிவியல் மையத்துக்கோ போய், காட்சிப்பொருள்களைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பாருங்கள். எந்தப் பொருளின் முன்னால் அவர்கள் நிற்கிறார்கள், எதைக் கடந்து ஓடுகிறார்கள் என்று அரை மணி நேரம் கவனித்தாலே, உங்கள் உருவில் எந்தப் பாகம் அசைய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நுரையீரல் உருவைத் தொடக்கம் முதல் முடிவு வரை

புதியவர்கள் முதலில் செய்ய ஏற்றது போத்தலும் பலூனும் கொண்ட சுவாச உரு. எளிமையாகத் தோன்றினாலும், தவறு செய்ய நிறைய இடமுள்ள உரு இது; அதனால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குடிநீர்ப் போத்தல் வேண்டாம். அதன் சுவர் மெல்லியது. கீழுள்ள சவ்வை இழுத்தவுடன் போத்தலே உள்வாங்கிவிடும், பலூன் விரியாது. காற்றடைத்த பானம் வந்த 1.5 லிட்டர் போத்தலின் சுவர் அதைவிடத் தடிப்பானது. அதன் அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய விளிம்பில் ஒட்டுநாடாவை இருமுறை சுற்றுங்கள்; விரல் கிழியாமலும் இருக்கும், சவ்வும் கிழியாமல் இருக்கும். அலங்கார மீன் விற்கும் கடையில் காற்றுக்குழாயும், அதைக் கவட்டை வடிவில் இரண்டாகப் பிரிக்கும் இணைப்பும் சில காசுகளுக்குக் கிடைக்கும். அவைதாம் மூச்சுக்குழாயும் அதன் இரு கிளைகளும். கிளைகளின் முனையில் இரண்டு சிறு பலூன்களை மாட்டி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். போத்தலின் மூடியில் துளையிட்டுக் குழாயை வெளியே எடுத்து, துளையைச் சுற்றிப் பிளாஸ்டிசினால் அடைத்துவிடுங்கள். கீழ்ப்பக்கம், பெரிய பலூன் ஒன்றைக் கழுத்துக்குக் கீழே வெட்டி, மத்தளத்துக்குத் தோல் கட்டுவதுபோல் இழுத்துப் பொருத்துங்கள். அதுதான் உதரவிதானம்.

இப்போது சோதனை. சவ்வைக் கீழே இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டு பத்து எண்ணுங்கள். உள்ளே இருக்கும் பலூன்கள் விரிந்த நிலையிலேயே நின்றால் உரு சரி. எண்ணி முடிப்பதற்குள் அவை தளர்ந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. பெரும்பாலும் மூடியின் துளைதான் காரணம். இந்தச் சோதனையை வீட்டில் செய்யாமல் வகுப்பில் முதன்முறையாக இழுத்துப் பார்ப்பவர், முப்பது பிள்ளைகளின் முன்னால் பலூன் அசையாமல் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான் நின்றிருக்கிறேன்.

வகுப்பில் உருவை உயர்த்திப் பிடித்தவுடன் இழுத்துக் காட்டிவிடாதீர்கள். "கீழே இழுத்தால் உள்ளே இருக்கிற பலூன் விரியுமா, சுருங்குமா, அப்படியே இருக்குமா?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் தம் விடையைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே இழுக்க வேண்டும், இழுப்பதும் நீங்களாக இருக்க வேண்டாம். உரு மாணவர் கைக்குப் போகட்டும். காற்று உள்ளே போவதால் நெஞ்சு விரிகிறது என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். உண்மையில், நெஞ்சறை விரிந்து உள்ளே அழுத்தம் குறைவதால்தான் காற்று உள்ளே வருகிறது. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கும் இந்தப் பிழையை, பலூனுக்குள் யாரும் ஊதாமலேயே அது விரிவதைப் பார்க்கும் நொடி திருத்திவிடும். ஐந்து பேருக்கு ஓர் உரு என்ற கணக்கில் இருந்தால் எல்லாரும் ஒருமுறையாவது இழுத்துப் பார்க்க முடியும். ஓர் அழகிய உருவைவிட ஆறு சுமாரான உருக்கள் மேல்.

அதன் பிறகு, நீங்கள் எழுதிவைத்த இரண்டாம் வரிக்கு வாருங்கள். ஒருமுறை பின்வரிசையிலிருந்த ஒரு சிறுமி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நெஞ்சுக்குள்ள இவ்ளோ எடம் சும்மாவா இருக்கு?" என்று கேட்டாள். பலூனுக்கும் போத்தல் சுவருக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தை அவள் விரலால் காட்டினாள். அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுவே சிறந்தது. உடலில் அப்படி ஒரு வெற்றிடம் கிடையாது. நுரையீரல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்றின் வழியாக நெஞ்சுச் சுவரோடு ஒட்டியபடியே நகர்கிறது. இன்னும் மூன்று விலகல்களையும் மாணவர்களைக் கொண்டே கண்டுபிடிக்கச் செய்யலாம். உதரவிதானம் கீழே இழுக்கப்படும் தட்டையான தோல் அன்று. மேல்நோக்கிக் குவிந்திருந்து, சுருங்கும்போது தட்டையாகும் தசை. போத்தல் சுவர் அசைவதில்லை, நம் விலா எலும்புகளோ மேலும் வெளியேயும் நகர்கின்றன. இரு கைகளையும் விலாவில் வைத்து மூச்சை இழுத்தால் இது உடனே தெரியும். நுரையீரல் உள்ளீடற்ற பையும் அன்று. கோடிக்கணக்கான நுண்ணறைகள் கொண்ட, பஞ்சு போன்ற உறுப்பு. இந்த விலகல்களை மாணவர் தம் சொற்களில் எழுதுவது, உருவைச் சரியாக வரைந்து பெயர் குறிப்பதைவிட உயர்நிலைச் சிந்தனைக்கு நெருக்கமானது என்பேன்.

இடம், வலம், நிறம்

இருதய உருவைக் கையாளும் அனைவரும் ஒருமுறையாவது வழுக்கும் இடம் இடமும் வலமும். உரு மாணவர்களைப் பார்த்து நிற்கும்போது, அதன் இடப்பக்கம் அவர்களுடைய வலப்பக்கத்தில் இருக்கும். வாயால் எவ்வளவு விளக்கினாலும் குழப்பம் தீராது. நீங்கள் வகுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, உருவை உங்கள் தோளுக்கு மேலே மாணவர்கள் பார்க்கும் திசையிலேயே பிடியுங்கள். அல்லது ஒரு மாணவரை அழைத்து அவர் நெஞ்சின் மேல் உருவை வைத்து, அவர் இடக்கையை உயர்த்தச் சொல்லுங்கள்.

நிறம் இன்னும் பொல்லாதது. சிவப்பும் நீலமும் பூசிய உருவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, உடலில் நீல இரத்தம் ஓடுகிறது என்று தேர்வில் எழுதினால் பிழை பிள்ளையுடையது அன்று. உயிர்வளி குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பு, அவ்வளவுதான். நீலம் என்பது வரைபடக்காரர்களின் ஏற்பாடு என்பதைச் சொல்லிவிட்டுத்தான் உருவைத் திறக்க வேண்டும்.

பாகங்களின் மேல் பெயரை ஒட்டாமல் எண்ணை ஒட்டுங்கள். நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் உதரவிதானம் என்று படித்ததை இடைநிலைப்பள்ளியில் டியாஃப்ரக்மா என்று மலாயில் படிக்கப் போகிறார்கள். எண்கள் மட்டும் இருந்தால் ஒரே உருவை இரு மொழிகளிலும் பயன்படுத்தலாம். விடையும் உருவின் மேலேயே எழுதியிருக்காது.

உருவைப் பார்த்து முடித்த மறுநாள் ஓர் ஆட்டு இருதயத்தைக் கொண்டுவர முடிந்தால் பாடம் நிறைவுபெறும். சந்தையில் ஆட்டிறைச்சிக் கடைக்காரரிடம் முந்தின நாளே சொல்லி, மேலேயுள்ள குழாய்களை ஒட்ட நறுக்காமல் தரச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சமையலுக்குச் சுத்தம் செய்வதுபோல் எல்லாவற்றையும் வெட்டியெறிந்துவிடுவார். மாடும் பன்றியும் நம் வகுப்புகளுக்குச் சரிவராது. ஆடு என்றால் பெரும்பாலும் யாருக்கும் மறுப்பு இருக்காது என்றாலும், சைவ வீட்டுப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கையுறை அணிந்து இரு கீழறைகளின் சுவரையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். இடப்பக்கச் சுவர் வலப்பக்கத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பு. உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புவது எது, பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புவது எது என்பதை விரலே சொல்லிவிடும்.

கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு உரு

மூலக்கூறுகளுக்கு உருச் செய்யும் வழக்கம் பழையது. 1865இல் வேதியியலாளர் ஹோஃப்மன் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவில், குரோக்கே விளையாட்டுப் பந்துகளுக்கு வண்ணம் பூசிக் குச்சிகளால் இணைத்துக் காட்டினார். கரிமம் கறுப்பு, உயிர்வளி சிவப்பு, நீரியம் வெள்ளை என்று இன்றும் நாம் பயன்படுத்தும் வண்ணங்கள் அங்கிருந்து வந்தவை. ஆனால் அவருடைய மீத்தேன் உரு சிலுவைபோல் தட்டையாக இருந்தது. அணுக்கள் வெளியில் எப்படி விரிந்து நிற்கின்றன என்பது அப்போது தெளிவாகியிருக்கவில்லை.

நம் மாணவர்களும் தாளில் வரைந்து பழகியதால் அதே சிலுவையைத்தான் செய்வார்கள். இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலையும் பல்குச்சியும் கொடுத்து மீத்தேனைச் செய்யச் சொல்லுங்கள். கடலை காயக்காயக் குச்சியை இறுகப் பற்றிக்கொள்ளும் என்பதால் பசை வேண்டாம். அவர்கள் சிலுவை செய்து முடித்த பிறகு, ஒரே அளவில் ஊதிய நான்கு பலூன்களின் கழுத்துகளை ஒன்றாக முறுக்கிக் கட்டுங்கள். யாரும் சொல்லாமலே அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நான்முகி வடிவில் அமர்ந்துவிடும். இடையிலுள்ள கோணம் 109.5 பாகை. பிறகு அவர்களே சிலுவையைக் கலைத்துத் திருத்துவார்கள்.

பிழையான உருவைச் செய்யவிடுவதில் தயக்கம் வேண்டாம். அறிவியலாளர்கள் வாட்சனும் கிரிக்கும் 1951இல் முதலில் செய்த மரபணு மூலக்கூற்று (டி.என்.ஏ.) உருவில் இரண்டுக்குப் பதிலாக மூன்று இழைகள் இருந்தன. வெளிப்புறம் இருக்க வேண்டிய பாஸ்பேட்டுகள் நடுவில் இருந்தன. அதே மூலக்கூற்றை எக்ஸ் கதிர்ப் படங்களால் ஆராய்ந்துவந்த ரோசலின்ட் ஃபிராங்கிளின் அதைப் பார்த்த அன்றே அது பொருந்தாது என்று காட்டிவிட்டார். 1953இல் சரியான உருவை எட்டியபோது, உலோகத் தகடுகள் வந்துசேரும்வரை காத்திராமல் வாட்சன் அட்டையில் வெட்டிய துண்டுகளை மேசையில் நகர்த்திப் பார்த்தே, முறுக்கிய ஏணி போன்ற அந்த மூலக்கூற்றின் படிகளாக அமையும் இணைகளைக் கண்டார். உங்கள் மாணவர்களும் அட்டையில் வெட்டட்டும். அவர்கள் முறுக்கிய ஏணியை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்: சாதாரணத் திருகாணியின் புரி எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கமே அதுவும் ஏற வேண்டும். விளம்பரங்களிலும் சுவரொட்டிகளிலும் எதிர்ப்பக்கம் முறுக்கிய ஏணிகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

தாதியர், மருத்துவ மாணவர்களுக்கு

இங்கே உருவின் வேலை மாறுகிறது. பள்ளியில் அது புரியவைக்கிறது. இங்கே கையைப் பழக்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மருத்துவச்சி மாதாம் டு குத்ரே, துணியும் தோலும் கொண்டு தைத்த இடுப்பு உருவையும் குழந்தை பொம்மையையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று கிராமத்துப் பெண்களுக்குப் பேறுகாலப் பயிற்சி அளித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கையால் கற்றுக்கொண்டார்கள். 1960இல் நார்வேயின் பொம்மை உற்பத்தியாளர் லேர்டால் உயிர்காப்புப் பயிற்சிக்காக உருவாக்கிய ரிசஸி ஆன் என்ற பொம்மையும் அதே வழியில் வந்ததுதான்.

இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் நெஞ்சழுத்தப் பயிற்சிக்கு வீட்டில் உருச் செய்ய முயலாதீர்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்பது அளவு. அந்த ஆழத்துக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதைத்தான் கை கற்க வேண்டும். தலையணையும் பஞ்சும் கையைத் தவறாகப் பழக்கிவிடும். செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜோன் ஆம்புலன்ஸ் ஆகியவை நடத்தும் பயிற்சிகளில் முறையான உருக்கள் உண்டு. அங்கு போய்ப் பழகுவதே முறை. தையல் போடுவதற்கு வாழைப்பழத் தோலும், சிறு துளை வழியே கேமராவைச் செலுத்தித் திரையைப் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்கான கைப்பழக்கத்துக்கு அட்டைப்பெட்டியும் கைப்பேசிக் கேமராவும் தாராளமாகப் போதும். பெட்டிக்குள் கைப்பேசியைப் பொருத்தி, திரையை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு பயற்றை எடுத்துக் கிண்ணத்தில் போட முயன்றால் அதன் அருமை தெரியும்.

நெகிழி எலும்புக்கூட்டைத் துடைப்பதற்காகப் பிரித்தால், வலக்கையை இடத்தோளில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அப்படி மாட்டிய கூடு இரண்டு வாரம் வகுப்பில் நின்றது. கண்டுபிடித்தவள் ஒரு முதலாண்டு மாணவி. பழைய கல்லூரிகளில் உண்மையான எலும்புக்கூடுகளும் இருக்கக்கூடும். இந்தியா 1985இல் எலும்புக்கூடு ஏற்றுமதிக்குத் தடை விதிக்கும்வரை, உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போன எலும்புக்கூடுகளில் பெரும்பகுதி கல்கத்தா வழியாகச் சென்றவையே. அப்படிப்பட்ட கூட்டைக் கண்டால், அது யாரோ ஒருவர் என்பதை மாணவர்களுக்கு முதலில் சொல்லிவிடுங்கள். தொப்பி மாட்டிப் படமெடுக்கும் வழக்கம் அதோடு நின்றுவிடும்.

நெகிழி உடல் எல்லாருக்கும் ஒரே மாதிரியான தமனிகளைக் காட்டும். உண்மையான உடல்கள் அப்படி இருப்பதில்லை. எனவே, உருவில் கண்டுபிடித்த இரத்தக் குழாயைத் தோழியின் கையிலும் தொட்டுத் தேடச் சொல்லுங்கள். இரண்டு இடங்களும் ஒன்றாக இராது.

வெயிலும் ஈரமும் எறும்பும்

பினாங்கின் ஈரக்காற்றில் மைதாப் பசையால் செய்த தாள்கூழ் உரு ஒரு மாதத்தில் பூஞ்சணம் பூக்கும். உப்பு மாவில் செய்ததைச் சிற்றெறும்புகள் துளையிட்டுவிடும். வெள்ளைப் பசையைப் பயன்படுத்தி, ஒவ்வொரு படலமும் முழுவதும் காய்ந்த பிறகே அடுத்ததை ஒட்டி, கடைசியில் வார்னிஷ் பூசுங்கள். பலூன்களும் இரப்பர்ச் சவ்வும் சில வாரங்களில் பிசுபிசுத்துப் போகும். அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக மாட்டுவதே சுலபம். முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ நெகிழியால் எடுத்த உருக்கள் 60 பாகை செல்சியசை நெருங்கினாலே இளகத் தொடங்கும். புக்கிட் மெர்தாஜமில் ஒரு பயிலரங்குக்குப் போன நான், அச்சிட்ட ஐந்து இடுப்பு முள்ளெலும்புகளைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது, எந்த மருத்துவ நூலிலும் காணாத ஒரு முதுகு வளைவு அங்கே படுத்திருந்தது.

உருவைப் பெட்டியில் வைக்கும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போடுங்கள். மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, அந்த உரு விடைசொல்லும் கேள்வியையும், அது உண்மையிலிருந்து விலகும் இடங்களையும், காணாமற்போன பாகங்களின் எண்களையும், மாணவர்கள் அதைப் பற்றிக் கேட்டவற்றையும் எழுதிவையுங்கள். என் போத்தல் நுரையீரல் பெட்டியின் மூடியில் அந்தச் சிறுமியின் கேள்வி இன்னும் அவள் பேசிய சொற்களிலேயே இருக்கிறது. எனக்குப் பின் அந்த வகுப்பை எடுத்துக்கொண்ட ஆசிரியர், உருவை வெளியே எடுக்குமுன் அதை ஒருமுறை படித்துவிடுவதாகச் சொன்னார்.